ஆறு விநாடிக் கார்க்காரி

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரைப் பற்றி நான் பேச்செடுத்தாலே, "பெரிய கார்ப் பைத்தியமா இருந்திருப்பாங்களே" என்கிறார்கள். கிடையவே கிடையாது. ஸ்கூட்டர்கூட ஓட்ட மாட்டார். புதுச்சேரியில் முத்தியால்பேட்டையிலிருந்து உப்பளத்துக்கு ஷேர் டெம்போவில்தான் வருவார். அதிலும் டிரைவர் பக்கத்து சீட் காலியாக இருந்தால்தான் ஏறுவார். இல்லாவிட்டால் அடுத்த டெம்போ, அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்தது. எல்லோரும் வேலையை ஆரம்பித்த பிறகு சாவகாசமாகப் படியேறி வந்து, "முன்னாடி எடம் இல்லண்ணே" என்று என்னிடம் காரணம் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆபீசுக்கு லேட்டாக வந்ததற்கு இப்படி ஒரு காரணத்தை வேறு எவராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

எதற்கு முன் சீட் என்றால், பிரேக் பார்ப்பதற்கு. டிரைவரின் கால் எப்போது அழுத்துகிறது, தன் உடம்பு எப்போது முன்னால் போகிறது, வண்டி எங்கே போய் நிற்கிறது, இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வருவார். காற்று வாங்கவோ ஊர் பார்க்கவோ அல்ல.

எங்களுடையது கார் விளம்பரங்களுக்கு அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் செய்கிற சின்ன ஸ்டுடியோ. பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில் இருந்தது. நாங்கள் செய்ததெல்லாம் ஆறு விநாடிப் படங்கள். போனில் சமையல் வீடியோவோ சாமி பாட்டோ போட்டால், தாண்டிப் போக விடாமல் ஒன்று முன்னால் வந்து நிற்குமே, அதேதான். நீங்கள் திட்டிக்கொண்டே பார்க்கிற அந்த ஆறு விநாடிக்காக நாங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வோம். பெரும்பாலான படங்களில் உண்மையான கார் இருக்கவே இருக்காது. வெறும் ரோட்டைப் படம் பிடித்து வந்து, கம்ப்யூட்டரில் செய்த காரை அதில் ஓடவிடுவோம்.

நான் அங்கே புரொடியூசர். பெயர்தான் பெரிசு. மும்பை விளம்பரக்காரர்கள் யார் என்ன கேட்டாலும் "பண்ணிடலாம் மேடம்" என்று சொல்வது என் வேலை. "முடியாது" என்று சொல்வது அவர் வேலை. அனிமேஷன் பிரிவு முழுக்க அவர் கையில் இருந்ததால், என் வாக்குறுதிகளில் பாதி அவர் மேஜையில் போய்ச் செத்துப்போகும். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவருக்கு நான் அண்ணன். பெயர் வேண்டாம். பெயர் போட்டு எழுதினேன் என்று தெரிந்தால் போன் போட்டுக் கிழித்துவிடுவார். இப்போது பிரான்சில் அவருடைய அண்ணன் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். அங்கிருந்து திட்டினாலும் காது அப்படியேதான் வலிக்கும்.

அவருடைய இடது கை ஒரு கார். சாப்பிடும்போது வலது கை சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க, இடது கை மேஜைமேல் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளங்கை கீழே, விரல்கள் முன்னால். தயிர் டப்பாவை நோக்கி வேகமாகப் போகும். டப்பாவுக்கு முன்னால் விரல் நுனி தணியும், மணிக்கட்டு மேலே தூக்கும், பிறகு கை மெல்லப் பின்னால் வந்து அடங்கும்.

"மூக்கு எறங்கணும்ணே. எறங்கி, ஏறி, அப்புறந்தான் நிக்கணும். நம்ம பசங்க பண்ற கார் எல்லாம் செவுத்துல ஒட்டுன பல்லி மாதிரி அப்பிடியே நிக்குது. எடையே இல்ல."

"ஆறு விநாடில எவன்மா மூக்கப் பாக்கப் போறான்?"

"பாக்க மாட்டான். ஆனா நம்பிடுவான்."

இப்படிச் சொல்கிறவர் சத்தியசந்தராக இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். அவரைப் போல ஒரு புளுகியை நான் பார்த்ததில்லை. ஒரு படத்துக்கு எங்கள் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் இறங்குகிற மாதிரி வேண்டும் என்றார்கள். புதுச்சேரிக் கடலில் சூரியன் உதிக்கத்தான் உதிக்கும், மறைவது ஊருக்குப் பின்னால் விழுப்புரத்துப் பக்கம். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் கடலுக்குள் இறக்கிவிட்டார். அதுவும் எப்படி! செக்கச்செவேலென்று, பார்த்தால் கண் கலங்குகிற மாதிரி. படம் வந்ததும் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் போன் போட்டு, "எங்கடா மறையுது நம்மூர்ல சூரியன்?" என்று மானத்தை வாங்கினார்கள். அவரிடம் சொன்னேன். "அழகா இருந்துச்சா இல்லியா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இன்னொரு முறை தூய்ப்ளெக்ஸ் தெரு மாதிரி ஒரு வெள்ளைத் தெரு வேண்டும் என்று, ஒரு வீட்டின் மாடிப் பலகணியைப் படத்திலிருந்து அப்படியே அழித்துவிட்டார். காரின் கதவில் அந்தப் பலகணியின் நிழல் விழுந்து பெயின்ட்டின் பளபளப்பைக் கெடுக்கிறதாம். வீட்டுக்காரர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிற பழைய சிப்பாய். படத்தைப் பேரன் போனில் பார்த்துவிட்டு, கைத்தடியோடு எங்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"மெ நோ! அதெப்படி! என் பாட்டன் கட்டுன பலகணி. எங்கம்மா அது?"

"நான்தான் எடுத்துட்டேன், முஸ்யே. வண்டிக்கு எடஞ்சலா இருந்துச்சு."

"வண்டிக்காக வீட்ட இடிக்கிறதா?"

அவர் சிரித்துக்கொண்டே கிழவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பலகணியைத் திரும்பப் போட்டு, அதில் ஒரு காகிதப்பூக் கொடியையும் படரவிட்டு, அவரையே அங்கே நின்று தெருவைப் பார்க்க வைத்து, பெரிய படமாக அச்சடித்துக் கொடுத்தார். கொடி அந்த வீட்டில் கிடையாது. கிழவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. "மெர்சி, மெர்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பிறகு நிஜமாகவே ஒரு கொடி வாங்கி நட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மின்கம்பிகளை அழிப்பார், குப்பைத்தொட்டியை அழிப்பார், காக்கையை அழிப்பார், தேவைப்பட்டால் தேவாலயக் கோபுரத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார். எதிலும் அவருக்கு மனசாட்சி உறுத்தியதில்லை. ஆனால் சக்கரம் தரையைத் தொடுகிற இடத்துக்கு வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். "ஆகாசத்துல எவ்ளோ பொய் வேணாலும் சொல்லு. டயர்ல சொல்லாத." புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார்.

சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் இருந்தது, அவர் ஏற்படுத்தியது. யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. கீழே இறங்கி முதலாளியின் பழைய டீசல் காரைத் தள்ள வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, ஐஸ் கம்பெனி வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும். தள்ளுவது ஒரு வேலையே இல்லை. தெருமுனையில் "நிறுத்து" என்பார். அப்போதுதான் தெரியும். கார் நிற்காது. முன்னால் ஓடிப்போய் பானெட்டைப் பிடித்து முதுகைக் கொடுத்தாலும் நம்மையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். செருப்பு தேயும். ஐஸ் கம்பெனிக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். நான் புரொடியூசர், எனக்கு எதற்கு இது என்று கேட்டேன். "நீங்கதான மும்பைல போயி வாக்கு குடுக்குறீங்க, நீங்கதான் மொதல்ல தள்ளணும்" என்று என்னையும் தள்ளவைத்தார். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை வேறு. அந்தப் பெண்பிள்ளையை மனசுக்குள் எப்படியெல்லாம் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இவ்வளவு பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருக்கும் என்று எல்லோரும் நம்பினோம். யாரோ விபத்தில் போயிருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கதை கட்டினோம். தம்பி என்றார் ஒருவர். கட்டிக்கப்போகிறவர் என்றார் இன்னொருவர். அவருக்குக் கீழே அனிமேஷனில் இருந்த ரஃபீக், பாவம், அவர் எதிரில் ஆக்சிடென்ட் என்ற சொல்லையே எடுக்க மாட்டான். கடைசியில் நானே ஒருநாள் குரலை இறக்கிக்கொண்டு, "யாரும்மா அது?" என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாரும் சாகலண்ணே! எங்க வீட்ல எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க. ஏன், வீட்ல ஒரு சாவு விழுந்தாதான் ஒழுங்கா வேல செய்யணுமா?"

நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அப்போது அவர் மேல் வந்த மரியாதை இன்றுவரை இறங்கவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

அந்த வருஷம் வேலை குறைந்துபோயிருந்தது. முதலாளி எங்களை உட்கார வைத்து, "இப்பிடியே போச்சுன்னா பொங்கலுக்குள்ள கடைய மூடிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். நல்ல மனுஷர். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு கார் கம்பெனியின் புதிய குடும்பக் காருக்குப் படம் செய்யும் வாய்ப்பு வந்தது. இந்த ஒன்று பிடித்துவிட்டால் அவர்களுடைய வருஷ வேலை முழுவதும் எங்களுக்குத்தான். பிடிக்காவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். பேச்சை முடித்து வேலையை வாங்கி வந்தது நான்.

படம் இதுதான். மழை நனைத்த ரோடு. கார் வேகமாக வருகிறது. மீன்கூடையோடு ஒரு பெண்மணி குறுக்கே நடக்கிறார். கார் அவருக்கு ஒரு முழம் முன்னால் டக்கென்று நிற்கிறது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். முடிந்தது. வேகம், பாதுகாப்பு, இரண்டும் ஆறு விநாடிக்குள்.

மீன்காரம்மாவாக நடிக்க நடிகை வேண்டாம், நிஜ முகம் வேண்டும் என்றார்கள். வைத்திக்குப்பத்தில் நான் மீன் வாங்குகிற காசாம்பு அம்மாவை அழைத்து வந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கணீரென்ற குரல். துறைமுகத்துப் பக்கத்து ரோட்டில் டேங்கர் லாரியிலிருந்து தண்ணீர் அடித்து நனைத்துவிட்டு, அவரை நடக்கச் சொன்னோம். கார் பிற்பாடு கம்ப்யூட்டரில்தானே வரும்? அதனால் ஒரு குச்சியில் மஞ்சள் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னோம். "பந்தப் பாத்து எதுக்கு இளிக்கணும்? காரு எங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் நடந்தார். ஆனால் அற்புதமாக நடந்தார்.

எங்கள் கார்க்காரி அந்தக் காட்சியைத் தன் மேஜையில் போட்டுப் பார்த்தார். இடது கையை மேஜைமேல் ஓட்டினார். மறுபடி ஓட்டினார்.

"இது நிக்காதுண்ணே."

"அம்மா தாயே, ஆரம்பிக்காத."

"ஈர ரோடு. இந்த வேகம். வண்டில ஒரு குடும்பமே ஒக்காந்திருக்கு. அந்தம்மா மேல ஏறிட்டுத்தான் நிக்கும். வேகத்தக் கொறைக்கச் சொல்லுங்க. இல்லன்னா அந்தம்மா இன்னும் தூரத்துல நடக்கட்டும்."

கேட்டேன். வேகம்தான் இந்தக் காரின் பெருமை, அதைக் குறைக்க முடியாது என்றார்கள் மும்பையில். தூரத்தில் நடந்தால் முகம் தெரியாது என்றார்கள். திரும்பி வந்து சொன்னேன்.

"அப்ப நான் பண்ணல" என்றார். சாதாரணமாக, இன்றைக்கு எனக்கு டீ வேண்டாம் என்கிற மாதிரி.

முதலாளி வந்து கெஞ்சினார். "ஏம்மா, நாம என்னா காரா விக்கிறோம்? படந்தான விக்கிறோம்? கம்ப்யூட்டர்ல நிக்க வச்சா நிக்காதா?"

"கம்ப்யூட்டர்ல நிக்கும் சார். ரோட்டுல நிக்காது."

"கார் வாங்குறவனுக்குத் தெரியாதா, இது வெளம்பரம்னு?"

"அவன் எப்பிடியோ போறான். குறுக்க நடக்கறவங்களும் இதத்தான சார் பாக்கறாங்க?"

முதலாளி ரஃபீக்கைக் கூப்பிட்டு அவனிடம் வேலையைக் கொடுத்தார். ரஃபீக்குக்கு அப்போதுதான் இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. அவர் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க." அவர் அவன் தோளைத் தட்டி, "செய்யி ரஃபீக். எனக்கு உன் மேல கோவமில்ல" என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒரு பெயின்ட் விளம்பரத்தின் சுவருக்கு நிறம் பூச ஆரம்பித்துவிட்டார்.

ரஃபீக் கெட்டிக்காரன். கார் வந்தது, நின்றது. நனைந்த ரோட்டில் விளக்கொளி மின்னியது. பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்தது.

மும்பைக்குக் காட்டுகிற நாள். மத்தியானம் வீடியோ அழைப்பில் பார்க்கப்போகிறார்கள். காலையில் காசாம்பு அம்மா மாடியேறி வந்தார். கூடை காலி, கையில் ஒரு பையில் சங்கரா மீன்.

"உனக்குத்தான்பா. பொழுது விடிஞ்சா எல்லாம் கேக்குறாளுங்க, என்னா கார்ல நடிச்சேன்னு. வெறும் ரோட்டுல நடந்தேன்னு சொன்னா சிரிக்கிறாளுங்க. அந்தக் காரக் கொஞ்சம் காட்டேன்."

ரஃபீக் போட்டுக் காட்டினான். காசாம்பு அம்மா வாயைப் பிளந்துவிட்டார்.

"அட! என்னப் பாத்ததும் டக்குனு நின்னுடுச்சே! இன்னொருவாட்டி போடு தம்பி."

போட்டான். இன்னொரு முறை. மறுபடியும். ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டிச் சிரித்தார். எங்களுக்கும் சந்தோஷம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கூடையத் தூக்கிக்கினு ரோட்டத் தாண்டறதுக்குள்ள எங்களுக்கு உசுரு போயி உசுரு வருது. இந்த வண்டி வந்துடுச்சுன்னா பயமே இல்ல. நான் பாட்டுக்குப் போயிக்கினே இருப்பேன்."

பெயின்ட் பூசிக்கொண்டிருந்தவரின் நாற்காலி திரும்பியது.

"போகாதீங்கம்மா. நிக்காது."

"நிக்குதே! நான் பாத்தனே!"

"இங்க வாங்க."

எப்போது செய்து வைத்திருந்தாரோ, எங்கள் யாருக்கும் தெரியாது. அதே ரோடு, அதே கார், அதே வேகம். காசாம்பு அம்மா கூடையோடு குறுக்கே வருகிறார். காரின் மூக்கு இறங்குகிறது. சக்கரம் நின்றுவிடுகிறது, ஆனால் வண்டி தண்ணீரில் வழுக்கிக்கொண்டே வருகிறது. படத்தில் நடக்கிற காசாம்பு அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பந்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடக்கிறார். கார் அவருக்குள் புகுந்து, அந்தப் பக்கம் போய், அதன் பிறகுதான் நின்றது.

காசாம்பு அம்மா அலறிவிட்டார். கீழே ஐஸ் உடைக்கிற சத்தம்கூட நின்றுபோனது.

"அடிப்பாவி! நான் உசுரோட நிக்கறப்பவே கொன்னுட்டியேடி!"

கார்க்காரியின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். பிறகு அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு ஏழைப் பொம்பளையிடம், அதுவும் சந்தோஷமாக வந்தவளிடம், இப்படியா காட்டுவது? கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அடி வாங்கியவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, காசாம்பு அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். அதைப் பார்த்ததும் கத்த முடியவில்லை.

"ரெண்டுல எதும்மா நெசம்?" என்றார் காசாம்பு அம்மா.

"ரெண்டாவது."

"அப்ப மொதல்ல ஒண்ணு காட்டனீங்களே, அத எதுக்குச் செஞ்சீங்க?"

புரொடியூசர் நான்தானே, "வெளம்பரம்மா" என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

"என் மூஞ்ச அதுலேர்ந்து எடுத்துடுப்பா. எங்க குப்பத்துப் பொம்பளைங்க பாத்துட்டு, காசாம்பு போனாளே, வண்டி நின்னுச்சேன்னு எறங்கிடுவாளுங்க."

மீன் பையை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

முதலாளி மணியைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கு. ஏம்மா, நீதான் ஆள அழிக்கிறதுல கில்லாடியாச்சே. அந்தம்மாவ அழிச்சிட்டு வேற யாரயாவது போட்டுடு. நிக்கிறத நீ தொடவே வேணாம்."

"யாரப் போட்டாலும் அவங்க மேல ஏறும் சார்."

மத்தியானம் மும்பையிலிருந்து அந்தக் கார் கம்பெனியின் விளம்பர மேடம் திரையில் வந்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கெட்டவர் இல்லை, சிரித்துப் பேசுகிறவர். ரஃபீக் செய்த படத்தைப் போட்டோம். ஆறு விநாடி ஓடி முடிந்ததும் கையைத் தட்டினார்.

"ரொம்ப நன்னா வந்திருக்கு! இதையே ஓகே பண்ணிடலாமா? உங்களுக்கு எல்லாம் திருப்தியா?"

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. என் வாய்க்குப் பழகிப்போன வார்த்தை. எங்கள் எல்லோருடைய பிழைப்பும் அதற்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. முதலாளி என்னையே பார்த்தார். ரஃபீக் தரையைப் பார்த்தான். அவர் தன் மூலையில் சுவருக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தார், திரும்பக்கூட இல்லை.

"மேடம், இது நிக்காது" என்றேன்.

மேஜைக்கடியில் முதலாளியின் கால் என் காலை மிதித்தது.

"என்ன சொல்றேள்?"

சொன்னேன். காசாம்பு அம்மா காலையில் வந்ததையும் சொன்னேன். அவர் சிரித்ததை, சொன்னதை, எல்லாம். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நிம்மதியாக இருந்தது. மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "சரி, வேற எப்படித்தான் பண்ணலாம்?" என்று கேட்டார்.

அப்போதுதான் மூலையில் இருந்தவர் எழுந்து வந்தார். திரைக்கு முன்னால் குனிந்து நின்று, ஏற்கெனவே எடுத்து முடித்த படத்தைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரிப் பேசினார்.

"கார் மொதல்லயே நிக்குது மேடம். அவங்கள தூரத்துல பாத்தப்பவே வேகம் கொறைச்சு வந்து நின்னுடுச்சு. அதெல்லாம் நாம காட்டல. ஆறு விநாடியும் அந்தம்மா தாண்டுறாங்க. அவசரப்படாம. பானெட் மேல அவங்க நெழல் ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் எறங்குது. அவ்ளோதான்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது அவர் முகம் கனிந்திருந்தது.

"எனக்குப் பிடிச்சிருக்கு. மனசாரச் சொல்றேன். ஆனா கார் ஓடாத ஒரு கார் விளம்பரத்த எங்க ஆட்கள்ட்ட கொண்டுபோய் என்னால காட்ட முடியாது."

வேலை போனது. வேறு ஊர் ஸ்டுடியோ ஒன்று வேறொரு பெண்ணை வைத்து அதே படத்தைச் செய்தது. என் போனில் வந்தபோது கார்க்காரியிடம் காட்டினேன். வயிறெரிவார் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "மேகம் நல்லா போட்ருக்காங்க" என்றார். முதலாளி பல வாரங்கள் எங்கள் இரண்டு பேரோடும் நேராகப் பேசவில்லை. "அந்தம்மாகிட்ட சொல்லு, அந்தாள்கிட்ட சொல்லு" என்று ரஃபீக்கை நடுவில் வைத்துப் பேசினார். ஆனால் பொங்கலுக்குக் கடையை மூடவில்லை. ஒரு அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயின்ட், பற்பசை, சிமென்ட் என்று கிடைத்ததைச் செய்தோம். நெருக்கியடித்து உட்கார்ந்தோம், சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது, ஆனால் வந்தது. நான் அதற்குப் பிறகும் "பண்ணிடலாம் மேடம்" சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எல்லாவற்றுக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனேன். எங்கள் கார்க்காரியும் கூட வந்தார். காசாம்பு அம்மாவைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார். அங்கே போனால், படகுகளுக்குப் பக்கத்தில் ஒரே கூட்டம். காசாம்பு அம்மா மீனைத் தட்டில் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

நாங்கள் ஒத்திகைக்காக எங்கள் சொந்தக் கேமராவில் எடுத்து வைத்திருந்த காட்சி அது. நனைந்த ரோட்டில், எந்தக் கம்பெனி அடையாளமும் இல்லாத ஒரு கார் நின்றுகொண்டிருக்கிறது. காசாம்பு அம்மா கூடையோடு அதன் முன்னால் நடக்கிறார். அவருடைய நிழல் பானெட்டில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்குகிறது. திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இவர் தனியாக உட்கார்ந்து அதில் காரையும் நிழலையும் சேர்த்து, காசாம்பு அம்மாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறார். திரும்பி அவரைப் பார்த்தேன். தான் செய்த எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்லாமல் இருக்க மாட்டாரே, அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா காருக்கா அது? பேரே காணமே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பேரு எதுக்குடி?" என்றார் காசாம்பு அம்மா. "நான் அந்தாண்ட போயிச் சேர்ற வரைக்கும் நின்னுது பாரு."